எம்.இ. தீசிஸ்: முதலில் காஸ்டிங் தேதியைக் குறியுங்கள்

"எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படிக்கிறேன், ஜனவரியில் ஃபேஸ் 2 தொடங்கிவிட்டது, ஃப்ளை ஆஷ் கான்கிரீட்தான் தலைப்பு, இன்னும் பேப்பர்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், தீசிஸை எப்படி முடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இந்த வாரமே காஸ்டிங், அதாவது கான்கிரீட்டைக் கலந்து மோல்டில் வார்ப்பதை, ஆரம்பியுங்கள். நானும் ஸ்ட்ரக்சுரலில்தான் எம்.இ. முடித்தேன், இப்போது மாணவர்களுக்கு கைடாக இருக்கிறேன். தீசிஸ் தள்ளிப்போன பிள்ளைகளில் பலருக்கு அறிவிலும் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை, கான்கிரீட்டுக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதை மட்டும் கணக்குப் போடாமல் விட்டிருப்பார்கள். ராத்திரி கண்விழித்து ஒரு அத்தியாயத்தை எழுதிவிடலாம், ஆனால் 28 நாள் ஸ்ட்ரென்த்தை 20 நாளில் வாங்க முடியாது.

அதிலும் உங்களுடையது ஃப்ளை ஆஷ், அதாவது அனல் மின் நிலையச் சாம்பல். சிமென்ட்டும் தண்ணீரும் சேரும்போது உண்டாகிற கால்சியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்துதான் அது வலு தரும், அந்த வினை மெதுவாகத்தான் நடக்கும். சிமென்ட்டில் 30 சதவீதத்துக்குப் பதில் ஃப்ளை ஆஷ் போட்ட மிக்ஸ் 28 நாளில் பின்தங்கி இருந்து 90 நாளில் எட்டிப் பிடிப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். 28 நாளோடு நிறுத்தி "வலு குறைகிறது" என்று எழுதினால் வாய்மொழித் தேர்வான வைவாவில் எக்ஸாமினர் அங்கேதான் கை வைப்பார். ஆக 90 நாள் டெஸ்ட் கட்டாயம் வேண்டும், மே முதல் வாரத்தில் ரிசல்ட் கையில் இருக்க வேண்டுமென்றால் ஜனவரி முடிவதற்குள் சோதனைக்காக வார்க்கிற கான்கிரீட் கட்டியான க்யூபில் கடைசி ஒன்றும், அதை ஊறவைக்கிற க்யூரிங் டேங்கில் இறங்கியிருக்க வேண்டும்.

ஃப்ளை ஆஷ் 0, 10, 20, 30, 40 சதவீதம் என்று ஐந்து மிக்ஸ், 7, 28, 90 நாள், ஒவ்வொன்றுக்கும் மூன்று க்யூப் என்றால் மொத்தம் 45. 150 மி.மீ. க்யூப் ஒன்றே எட்டு கிலோ இருக்கும், சிலிண்டரும் ப்ரிஸமும் தனி. ஒரு மிக்ஸுக்கு ஒரே நாளில் ஒன்பது மோல்டு வேண்டும், பி.இ. லேபுக்கும் பெரும்பாலும் அதே மோல்டுகள்தான், அதனால் லேப் அண்ணாவிடம் முன்கூட்டியே தேதி சொல்லிவையுங்கள். முடிந்தால் செட்டுக்கு ஒரு க்யூப் கூடுதலாகப் போடுங்கள். மூன்றில் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 படி அந்த சாம்பிளே செல்லாது.

டெஸ்ட் அன்று அவசரம் கூடாது. டேங்கிலிருந்து எடுத்த க்யூபைத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் மெஷினில் வையுங்கள், கரணை போட்டுத் தேய்த்த மேல்பக்கம் பக்கவாட்டில் இருக்கட்டும், மோல்டின் பக்கத் தகட்டைத் தொட்டிருந்த வழவழப்பான முகங்களில்தான் லோடு விழ வேண்டும். லோடு ஏற்றுவது வினாடிக்கு 5.25 கிலோநியூட்டன் அளவில் சீராகப் போகட்டும், வேகமாக ஏற்றினால் இல்லாத வலு இருப்பதாகக் காட்டும். 860 கிலோநியூட்டனில் உடைந்தால் 22,500 சதுர மி.மீ.யால் வகுத்து சதுர மி.மீ.க்கு 38.2 நியூட்டன், எம்30 மிக்ஸுக்கு (30 நியூட்டன் வலுவுக்கான கலவை) கொஞ்சம் கூட்டியே வைக்கிற இலக்கான 38.25-ஐ ஏறக்குறைய தொட்டாயிற்று. ரீடிங்கை அப்போதே நோட்டில் எழுதுங்கள், உடைந்த க்யூபைப் போட்டோ எடுத்துவையுங்கள், ரிப்போர்ட்டுக்கு அது ரொம்பவும் உதவும்.

க்யூப் தண்ணீரில் கிடக்கிற நாட்கள்தான் நீங்கள் எழுத வேண்டிய நாட்கள். மெட்டீரியல்ஸ், மெத்தடாலஜி அத்தியாயங்களுக்கு எந்த ரிசல்ட்டும் தேவையில்லை. ஃப்ளை ஆஷ் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டிப்பாக எழுதுங்கள், ஏனென்றால் நெய்வேலி லிக்னைட் சாம்பலில் கால்சியம் அதிகம், தூத்துக்குடி நிலக்கரிச் சாம்பல் அப்படியில்லை, இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யாது. லிட்ரேச்சர் பகுதியை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், 2018 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி மற்றவர்கள் எழுதியதோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத்தான் தண்டனை கிடையாது, அதைத் தாண்டினால் திருத்தித் தரச் சொல்வார்கள்.

அப்புறம், 7 நாள் ரிசல்ட் வந்த அன்றே கிராப் போட்டு கைடிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், ரிவ்யூ வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மிக்ஸில் ஏதாவது கோளாறு என்றால் அப்போது தெரிந்தால்தான் மறுபடி போட நாள் இருக்கும்.