பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் கால்வின் கிரஹாம் என்ற 12 வயது அமெரிக்கச் சிறுவன், வயதை மறைத்து ஏமாற்றிக் கடற்படையில் சேர்ந்து பதக்கமும் வாங்கினானாமே? ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாய் பிறந்த மண் இது. நம் பையன்களுக்கு அந்தத் துணிச்சல் எங்கே போயிற்று?

பதில்: ஏமாற்றினானா? யாரை? 17 வயதென்றால் பெற்றோர் சம்மதத்தோடு சேரலாம் என்பதால், 1942 ஆகஸ்டில் அம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டு, குரலைக் கட்டையாக்கிப் பேசப் பழகிக்கொண்டு வரிசையில் போய் நின்றான். அவனுக்குப் பயமெல்லாம் பல் டாக்டரிடம்தான். எங்கள் ஊர்ச் சந்தையில் மாடு வாங்குகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பார், பல் போடாத கன்றை ஏரில் பூட்ட மாட்டார். இந்த டாக்டரும் பார்த்தார், 12 என்று சரியாகவே கண்டுபிடித்தார். பையன் விடவில்லை, எனக்கு முன்னால் போன ரெண்டு பேருக்கு 14, 15தான், அவர்களை விட்டீர்களே என்றான். சரி, போ என்று அனுப்பிவிட்டார். பிற்காலத்தில் கிரஹாமே சொன்னது இது. தெரிந்தே கண்ணை மூடிக்கொண்ட பெரியவரை விட்டுவிட்டுப் பிள்ளையை ஏமாற்றுக்காரன் என்பது எந்த ஊர் நியாயம்?

அந்த நவம்பரில், பசிபிக் கடலில் குவாடல்கனால் தீவு அருகே ஜப்பானியரோடு நடந்த இரவுச் சண்டையில் 'சவுத் டகோட்டா' போர்க்கப்பலில் இருந்தான். குண்டுச் சிதறல் தாடையிலும் வாயிலும் பாய்ந்து பல் போயிற்று. அந்த வாயோடு, செத்தவர்கள் இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றி, உயிரோடிருந்தவர்களின் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினான். நம் ஊரில் ஏழாம் வகுப்புப் படிக்கிற வயது.

அப்புறம் அந்தப் புறநானூறு. ஒக்கூர் மாசாத்தியாரின் இந்தப் பாட்டை மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு வெகுநாள் சண்டை. ஈழத்தில் பள்ளிப் பிள்ளைகள் கையில் துப்பாக்கி கொடுத்தபோதும் இங்கே கைதட்டினவர்கள் உண்டு. பாட்டை நிதானமாகப் படியுங்கள். முந்தாநாள் சண்டையில் ஒருவன் போனான், நேற்றுக் கணவன் போனான், வீட்டில் மிச்சம் இந்த ஒரு பிள்ளை. பறட்டைக் குடுமிக்கு அம்மா எண்ணெய் தடவிச் சீவிவிட வேண்டிய வயசு. பாடத் தொடங்கும்போதே 'கெடுக சிந்தை', பாழாய்ப் போக இவள் நெஞ்சு என்று பதறுகிறார் புலவர். அந்தப் பதற்றம் மேடைக்கு வருவதே இல்லை.

நான் கும்பிடும் தாய் வேறொருத்தி. லண்டன்காரி. அவள் மகன் சிட்னி லூயிஸ் முதல் உலகப் போரில், 1915-இல் 12 வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, மறு வருஷம் பிரான்சில் சொம் போர்க்களத்தில் நின்றான். விஷயம் தெரிந்ததும் பிறப்புச் சான்றிதழை ராணுவ அலுவலகத்துக்கு அனுப்பி, பிள்ளையை மீட்டு வீட்டுக்கு வரவழைத்தாள்.

கிரஹாமுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயது வெளியே வந்ததும் கடற்படைச் சிறையில் மூன்று மாதம், பதக்கங்களும் பறிமுதல். நற்பெயரோடு பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவு 1978-இல்தான் கிடைத்தது. காயம்பட்டதற்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம், அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து 1994-இல் மனைவி கைக்கு வந்தது. 1978-இல் காயத்தால் வந்த ஊனத்துக்கான மருத்துவ உதவியையும் கணக்குப் பார்த்தார்கள். கடற்படையில் அவர் இழந்தது இரண்டு பல். ஒன்றைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.