தொப்புளின் சுருக்கங்கள்

அன்புள்ள ஐயா,

நவீன நாடகங்களில் எல்லோரும் தனியர்களாகவே இருப்பது ஏன்? மனிதனின் தோற்றத்தைப் பற்றி டார்வின் சொன்னதற்குப் பிறகு வந்த வெறுமையா? அல்லது பிளேட்டோ சொல்வதுபோல நாம் இழந்த பாதியைத் தேடும் பாதி உயிர்கள்தானா? நாடகாசிரியர் பெக்கெட்டைப் படித்தால் அவநம்பிக்கைதான் மிஞ்சுகிறது. எனக்கென்று யாரும் இல்லாததால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசி வரியில் நெடுநேரம் நின்றுவிட்டேன். சில வாரங்களாக நானும், அந்தப் பாதி உயிர்களின் கதை வரும் பிளேட்டோவின் 'சிம்போசியம்' என்ற உரையாடல் நூலைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.

டார்வினை விட்டுவிடுங்கள். மனிதனின் தோற்றம் பற்றி 1871-இல் வெளிவந்த அவருடைய நூல் மனிதனை மற்ற உயிர்களுக்கு உறவினனாக்கியது. அதில் தனிமைக்கு இடமேது? ஆனால் பாதி உயிர்களின் கதையை நீங்கள் முழுதாகப் படிக்கவில்லை. ஒரு நாடகாசிரியரின் வெற்றியைக் கொண்டாடும் விருந்தில், இன்னொரு நாடகாசிரியரான அரிஸ்டோபனீஸ் சொல்வதாகவே பிளேட்டோ அதை எழுதுகிறார். நான்கு கை, நான்கு கால், இரு முகங்களுடன் திரிந்த ஆதிமனிதர்களின் செருக்கை அடக்க கிரேக்கக் கடவுள்களின் தலைவரான ஜீயஸ் அவர்களை இரண்டாகப் பிளக்கிறார். இன்னொரு கடவுளான அப்பல்லோ தோலைச் சுருக்குப்பையின் வாய்போல இழுத்து வயிற்றின் நடுவே முடிந்து, பழைய நிலை நினைவிருக்கட்டும் என்று தொப்புளைச் சுற்றிச் சில சுருக்கங்களை மட்டும் நீவாமல் விடுகிறார். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அடுத்து நடப்பதை யாரும் சொல்வதில்லை: பாதிகள் இறுகத் தழுவிக்கொள்கின்றன, விலகி எதையும் செய்ய மனமில்லாமல் அந்தத் தழுவலிலேயே பசியால் மடிகின்றன. இழந்ததைக் கண்டடைந்த பிறகும் தீராத ஒன்றின் கதை இது. வாழ்நாளெல்லாம் சேர்ந்திருப்பவர்களாலும் ஒருவரிடம் மற்றவர் வேண்டுவது என்னவென்று சொல்ல முடிவதில்லை என்று அரிஸ்டோபனீஸே சொல்கிறார். தேடலைப் பற்றிய ஆறுதல் கதையாக இதை மேற்கோள் காட்டுபவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது.

1953-இல் பாரீஸில் மேடையேறிய பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' அந்தத் தழுவலிலிருந்து தொடங்குகிறது. அதில் காத்திருக்கும் விளாதிமிரும் எஸ்திரகோனும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருப்பவர்கள். சண்டை ஓய்ந்து தழுவிக்கொள்ளும்போது பூண்டு நாற்றம் தாளாமல் எஸ்திரகோன் பின்வாங்குகிறான். அதே விளாதிமிர்தான் பிறகு, தூங்கும் எஸ்திரகோனின் தோள்மேல் தன் கோட்டைப் போர்த்திவிட்டு, குளிருக்குக் கைகளை வீசிக்கொண்டு நடக்கிறான். இந்த இடத்தைத் தாண்டி வந்தபிறகும் மிஞ்சியது அவநம்பிக்கைதான் என்று எழுதுவது வாசிப்பில் சோம்பேறித்தனம். மறுபடி படியுங்கள்.

மாணவனாக இருந்தபோது பெக்கெட்டின் 'கிராப்பின் கடைசி ஒலிநாடா' ஒத்திகையில், மேடையோரம் அமர்ந்து பதிவான குரலை ஓடவிடும் வேலை எனக்கு. 69 வயதுக் கிழவர் தன் 39 வயதுக் குரலைக் கேட்கும் நாடகம் அது. நடிகர் மேசைமேல் இருந்த கருவியை ஒரு கையால் தழுவியபடி குனிந்திருந்தார். குரல் முடிந்ததும் நான் அவசரப்பட்டு நிறுத்திவிட்டேன். அவர் திரும்பவில்லை, "ஓடட்டும்" என்று மட்டும் சொன்னார். ஓடவிட்டேன். வெற்று நாடாவின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை.