கறுப்படித்தால் ஆயிற்றா?

வீடும் வாசலும்: வாசகர் கேள்வி பதில்

பனி உருகி வாசல் கண்ணில் பட்டதும் எல்லாருக்கும் டிரைவ்வே, அதாவது தெருவிலிருந்து வீடுவரை கார் வந்து நிற்கிற தார்த் தளம், ஞாபகம் வந்துவிடுகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியதுதான். சரி, இந்த இதழை அதற்கே விட்டுவிடலாம்.

கேள்வி: போன அக்டோபரில்தான் பில்டர் எங்கள் டிரைவ்வேக்குத் தார் போட்டுக் கொடுத்தார். இப்போது தெருவில் வீட்டுக்கு வீடு சீல்கோட் (தார் மேல் அடிக்கிற கறுப்புப் பூச்சு) அடிக்கிறார்கள். நடுவில் எங்கள் வாசல் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. நாங்களும் அடித்துவிடலாமா? (வாசகி, மார்க்கம், ஒன்டாரியோ)

பொறுங்கள் அம்மா. புதுத் தாரில் லேசான எண்ணெய்ப் பசை இருக்கும், அது மெல்ல வெளியேறினால்தான் தார் இறுகும். அதற்குள் மேலே மூடி போட்டால் உள்ளே மெத்தென்றே கிடக்கும், ஜூலை வெயிலில் காரை நிறுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திருகிய அடையாளம் அப்படியே பதிந்துவிடும். ஆறு மாதமாவது ஆக வேண்டும், ஒரு வருடம் விட்டால் இன்னும் நல்லது. உங்களுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டதே என்பீர்கள், ஆனால் அதில் பெரும்பகுதி குளிர்காலம், குளிரில் இந்த வேலை மந்தமாகத்தான் நடக்கும். இந்தக் கோடை முழுவதும் காயட்டும். செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எண்ணெய் வளையம் மிதந்தால் அடுத்த வருடம்தான்.

கேள்வி: எங்கள் டிரைவ்வேக்கு வயது 18. இரண்டு கார் நிற்கும் அகலம். அங்கங்கே விரிசல். ஆள் வைத்தால் கூலி அதிகம், நானே அடிக்கலாம் என்று பார்க்கிறேன். எத்தனை வாளி வாங்க வேண்டும்? (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

வாளிக் கணக்கு அப்புறம். முதலில் அந்த "அங்கங்கே விரிசல்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வேலையே அதில்தான் இருக்கிறது. சீல்கோட் என்பது ஒரு மெல்லிய பூச்சு. வெயிலிலிருந்தும் மேலே வழிகிற தண்ணீரிலிருந்தும் சிந்துகிற எண்ணெயிலிருந்தும் காக்கும், அவ்வளவுதான். தாருக்கு அது பலம் சேர்க்காது, பிளந்ததை ஒட்ட வைக்காது. விரிசலுக்குள் இறங்குகிற தண்ணீர் ஜனவரியில் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். பெருத்து, உருகி, மறுபடி உறைந்து என்று ஒரு குளிர்காலத்தில் எத்தனை தடவை நெம்புகிறது என்று எண்ணிப் பாருங்கள். பென்சில் கோடாக இருந்த பிளவு மார்ச்சில் விரல் நுழைகிற பிளவாக நிற்பது அதனால்தான்.

கால் அங்குலத்துக்கு மேல் அகலமாக இருக்கிற எல்லாவற்றையும் முதலில் அடைத்துவிடுங்கள். உள்ளே முளைத்திருக்கிற புல்லை வேரோடு பிடுங்கி, பழைய ஸ்க்ரூடிரைவரால் மண்ணைச் சுரண்டி, புளோயரால் ஊதி, நன்றாகக் காய்ந்த பிறகு கிராக் ஃபில்லர் என்கிற விரிசல் அடைக்கும் சரக்கை ஊற்ற வேண்டும். ஆழமான பிளவானால் முக்கால்வாசிக்கு மணல் போட்டு மேலே ஊற்றினால் போதும், இல்லையென்றால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். பாட்டிலில் வருகிற சாதா ஃபில்லர் ஒன்றிரண்டு குளிர்காலம் தாங்கும். உருக்கி ஊற்றுகிற ரப்பர் கலந்த சரக்கு நிஜமாகவே உழைக்கும், ஆனால் கேஸ் டார்ச் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் அதை ஆளிடம் விடுவது நல்லது.

ஒரு இடத்தில் மட்டும் முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறதா? அங்கே சீல்கோட்டும் வேண்டாம், ஃபில்லரும் வேண்டாம். அடியில் இருக்கிற ஜல்லி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, ஜல்லியைக் கெட்டித்துப் புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை.

இனி வாளி. இரண்டு கார் டிரைவ்வே 20 அடிக்கு 40 அடி என்றால் 800 சதுர அடி. லேபிளில் என்ன போட்டிருந்தாலும், சொரசொரத்துப் போன பழைய தாரில் 5 கேலன் வாளி 300, 350 சதுர அடிக்கு மேல் வராது. முதல் பூச்சுக்கு மூன்று வாளி, இரண்டாவதுக்குக் கொஞ்சம் குறையும். ஒரே தடவையாகக் கெட்டியாக அப்பி வேலையை முடித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அப்படி அப்பினது உரிந்து வரும், மெல்லிசாக இரண்டு தடவைதான் சரி. எண்ணெய் கொட்டிய இடங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அதற்கென்று விற்கிற பிரைமரைத் தடவாவிட்டால் அங்கே மட்டும் பிடிக்காது. வாளியை அடிவரை கலக்குங்கள், கனமான பொருள் எல்லாம் கீழேதான் படிந்திருக்கும்.

வெப்பநிலை 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்க வேண்டும், இரவிலும் இருந்தால்தான் நல்லது. அடுத்த 24 மணி நேரத்துக்கு மழை கூடாது. என் கதையைக் கேளுங்கள்: முதன்முதலில் அடித்த வருடம் செல்போனில் "20 சதவீதம் மழை" என்று காட்டியது, இருபதுதானே என்று ஆரம்பித்தேன். மாலை நாலு மணிக்கு அந்த இருபதும் என் வாசலில் வந்து இறங்கியது. கறுப்புத் தண்ணீர் நடைபாதையைத் தாண்டித் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்க, அதைத் தடுக்கிறேன் என்று ஓடியவன் அதே காலோடு கராஜ் வழியாக வீட்டுக்குள் துணி எடுக்க ஓடினேன். மாடிப்படிக் கார்ப்பெட்டில் மூன்றாவது படிவரை தடம் இன்னும் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது என் மேல் கோபம் வந்தால் போதும், முதலில் அந்தப் படியைத்தான் காட்டுவார்கள்.

காரை இரண்டு நாள் தெருவில் விடுங்கள். அடுத்த பூச்சு மூன்று வருடம் கழித்துப் போதும். வருடா வருடம் அடித்தால் ஏடு ஏடாகச் சேர்ந்து, அந்தப் பூச்சே வெடிக்க ஆரம்பிக்கும்.

கேள்வி: லாரியோடு ஒருவர் வந்து, "பக்கத்துத் தெருவில் வேலை பார்த்தோம், சரக்கு மிச்சம், இன்றைக்கே என்றால் பாதி விலை" என்கிறார். நம்பலாமா? (வாசகர், பிராம்ப்டன், ஒன்டாரியோ)

வேண்டாம். இது வட அமெரிக்கா முழுக்க ஓடுகிற பழைய நாடகம், வசனம்கூட மாறுவதில்லை. அடித்துவிட்டுப் போவது தண்ணீர் விட்ட சரக்காக இருக்கும், சில சமயம் வெறும் கறுப்பு எண்ணெய். அன்றைக்குப் பளபளக்கும், நாலு மழைக்குப் பிறகு வெளுக்கும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு: ஒன்டாரியோவில் வீட்டு வாசலில் வைத்துச் செய்த 50 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக 10 நாளுக்குள் ரத்து செய்யலாம். அமெரிக்காவில் இந்த மாதிரி விற்பனைக்கு மூன்று வேலை நாள். ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் வாங்காதவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

கேள்வி: "பழைய தார் சீலர் (சீல்கோட் அடிக்கிற சரக்கு) மாதிரி வராது, இப்போது தடை பண்ணிவிட்டார்கள்" என்று அண்டை வீட்டுப் பெரியவர் புலம்புகிறார். தார் டிரைவ்வேயில் தாரையே எதற்குத் தடை செய்தார்கள்? (வாசகி, மினியாபோலிஸ்)

இந்தக் குழப்பத்துக்கு நம் பேச்சும் ஒரு காரணம். கறுப்பாக ஒட்டுகிற எல்லாவற்றையும் "தார்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். ரோட்டில் கிடப்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்குகிற கசடு, பாடப்புத்தகத்தில் நிலக்கீல் என்று படித்திருப்பீர்கள். பெரியவர் சொல்வது நிலக்கரித் தார், எஃகு ஆலைகளுக்காக நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும்போது வடிவது. இரண்டும் வேறு வேறு.

பெரியவர் சொல்வதில் உண்மையும் உண்டு. நிலக்கரித் தார் பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் அசையாது, நிலக்கீல் கரைந்துவிடும். ஆனால் அதில் பிஏஎச் எனப்படும் சேர்மங்கள் ஏராளம், பல புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை கணக்கிட்டபடி, நிலக்கீல் சீலரைவிடக் கிட்டத்தட்ட 1,000 மடங்கு. சக்கரம் பட்டுத் தேய்ந்து தூளாகி அது ஓடைக்குப் போகிறது, செருப்பில் ஒட்டி வீட்டுக்கும் வருகிறது. அப்படிப் பூசிய வாகன நிறுத்தத்தை ஒட்டிய டெக்சஸ் ஆஸ்டின் குடியிருப்புகளில் வீட்டுத் தூசியை எடுத்துப் பார்த்தபோது, பிஏஎச் மற்ற வீடுகளைப் போல் 25 மடங்கு இருந்தது. தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்கிற தரை அது. அமெரிக்காவிலேயே முதலில் 2006-இல் தடை கொண்டுவந்ததும் அதே ஆஸ்டின்தான். உங்கள் மினசோட்டாவில் 2014 முதல் மாநிலம் முழுக்கத் தடை. தடை இல்லாத ஊர்க்காரர்கள் வாளியின் லேபிளைப் படித்து, ஆளிடமும் கேட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் டிரைவ்வே கான்கிரீட். அதற்கும் இதையே அடிக்கலாமா? (வாசகர், டாலஸ்)

கூடாது. கான்கிரீட்டுக்கென்று நிறமில்லாத, உள்ளே இறங்குகிற சீலர் தனியாக இருக்கிறது.

கேள்வி: தைப்பொங்கலுக்கு வாசலில் செங்கல் வைத்து விறகு மூட்டிப் பொங்கினோம். பனி போனதும் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு பள்ளம், மூன்று செங்கல் அச்சும் அழகாகத் தெரிகிறது. சீல்கோட் அடித்தால் மறையுமா? (வாசகி, ஸ்காபரோ)

மறையாது, கறுப்புப் பள்ளமாகத் தெரியும்! வெளியே மைனஸ் பத்தாக இருந்தாலும் அடுப்புக்கு அடியில் தாருக்கு அது சித்திரை வெயிலையும் மிஞ்சிய சூடு, இளகிப் பானையின் கனத்துக்கு இறங்கிவிட்டது. அரை அங்குலத்துக்குள் என்றால் பள்ளம் அடைக்கிற டிரைவ்வே பேட்ச் வாளி வாங்கி நிரவி, அது காய்ந்த பிறகு சீல்கோட். அடுத்த தைக்கு, கொல்லையில் கிடக்கிற நடைபாதைக் கல் நாலை அடுக்கி, மேலே கொஞ்சம் மணல் பரப்பி, அதற்கு மேல் செங்கலை வையுங்கள். பால் பொங்கி வழிந்தாலும் மணலோடு அள்ளிவிடலாம்.