ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வீடு

அன்புள்ள ஐயா,

என் தங்கை மகனுக்கு மூன்று வயது. சில வாரங்களாக, "இது எங்க வீடு இல்ல, எங்க வீடு ஆத்துக்கு அக்கரையில இருக்கு, அங்க செவப்பு மாடு நிக்கும்" என்கிறான். அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றில் மூழ்கி இறந்த ஒரு பையனின் மறுபிறவி என்று உறவினர்கள் முடிவுகட்டி, வெள்ளிக்கிழமை அந்தப் பையனின் தாயிடம் இவனை அழைத்துச் செல்லப் போகிறார்கள். அறிவியல் இதை ஏற்கிறதா?

வாசகி, கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

மறுபிறவி நிரூபிக்கப்பட்டதாக அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் இத்தகைய குழந்தைகளைப் பொறுமையாக ஆராய்ந்தவர்கள் உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சன் 1961இல் இந்தியாவுக்கு வந்தார். அவரும் உடன் உழைத்தோரும் பல நாடுகளில் ஏறத்தாழ 2500 குழந்தைகளின் பேச்சைத் திரட்டினார்கள். பெங்களூருவின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் உளவியலாளர் சத்வந்த் பஸ்ரிச்சா இதே பணியைச் செய்தார். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் இப்படிப் பேசத் தொடங்கி, ஏழு வயதையொட்டி நிறுத்திவிடுகிறார்கள் என்பது இவர்கள் கண்டது. 1966இல் வெளியான தம் நூலின் தலைப்பிலும் ஸ்டீவன்சன் மறுபிறவியை 'நிரூபிக்கும்' என்னாமல், 'உணர்த்தும்' நிகழ்வுகள் என்றே எழுதினார்.

அவருக்கே தெரிந்த குறை ஒன்றுண்டு. ஆய்வாளர் போய்ச் சேருமுன் இரண்டு குடும்பங்களும் பெரும்பாலும் சந்தித்திருக்கும். அதற்கு முன்பே குழந்தையின் சொல் எழுத்தில் பதிவான நிகழ்வுகள் மிகச் சிலவே. சந்தித்தபின் எது குழந்தை சொன்னது, எது பெரியவர்கள் சேர்த்தது என்று பிரிப்பது கடினம். வீரவநல்லூரில் என் சிறுவயதில் எதிர்வீட்டுக் குழந்தை, "எனக்கு வேற அம்மா உண்டு" என்றது. ஓர் ஆச்சி அதை மடியில் இருத்தி, "ஏளா, உங்கம்மா பேரு ஆவுடையா?" என்று கேட்டாள். கருப்பட்டித் துண்டைச் சப்பியபடியே குழந்தை தலையசைத்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள், வந்தவர்களிடமெல்லாம் "எங்கம்மா பேரு ஆவுடை" என்று அதுவே சொல்லத் தொடங்கிவிட்டது. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே ஒரு நோட்டில் தேதியிட்டு, அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே, யார் என்ன கேட்டபோது சொன்னான் என்பதோடு எழுதுங்கள். துருவிக் கேட்க வேண்டாம், அதட்டவும் வேண்டாம். அக்கரையில் இருக்கும் அந்தத் தாயையும் எண்ணிப் பாருங்கள்: மகன் திரும்பிவிட்டான் என்று அவர் நம்பிய பிறகு, ஆறேழு வயதில் இவன் எல்லாவற்றையும் மறந்து நின்றால், அவர் தம் பிள்ளையை இரண்டாம் முறை இழப்பார். அந்தச் சிவப்பு மாட்டைப் பற்றி அவன் மறுபடியும் பேசினால், வார்த்தை மாறாமல் குறித்து எனக்கு எழுதுங்கள்.