காரைக்குடிப் பக்கம் மரத்தடியில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் நிழல்தோட்டம் வைக்க முடியுமா?

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் பின்னால் ஒரு வேம்பும் ஒரு மாமரமும் இருக்கின்றன. அடியில் புல்கூட நிற்பதில்லை. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் இரண்டு முறைதான் தண்ணீர் விடுவார். என்ன நடலாம்?

தாராளமாக வைக்கலாம். ஆனால் நிழல்தோட்டம் என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் ஹோஸ்டா, அஸ்டில்பி படங்களை மறந்துவிடுங்கள். அவை கடுங்குளிரில் உறங்கி எழும் செடிகள். நம் மார்கழிப் பனி அவற்றுக்கு எந்த மூலைக்கு?

புல் நிற்காததற்கு நிழலை மட்டும் குறை சொல்ல வேண்டாம். நம் பக்கத்துச் செம்மண் ஈரத்தை நெடுநாள் வைத்திருக்காது, கீழே சரளை. மிச்சமிருக்கும் ஈரத்தை மரத்தின் வேர் குடித்துவிடும். போதாக்குறைக்கு, விடிந்ததும் விளக்குமாறு. ஓர் இலைகூடத் தங்காமல் கூட்டிக் கொளுத்தினால்தான் வீடு வீடாக இருக்கிறது என்று இங்கே பலருக்கும் நினைப்பு. எனவே செடி வாங்கும் முன் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள்: நடைபாதையைக் கூட்டினால் போதும், மரத்தடிச் சருகு அங்கேயே கிடக்கட்டும். செடிக்கு அதுதான் போர்வையும் எருவும்.

இரண்டு மரத்தின் நிழலும் ஒன்றல்ல. மாவின் நிழல் ஆண்டு முழுதும் அடர்த்தி. காய்ப்பு முடிந்த பின் ஆடி, ஆவணியில் தாழ்ந்த கிளைகள் சிலவற்றைக் கழித்தால்தான் கீழே ஏதாவது பிழைக்கும். வேம்பின் நிழல் சல்லடை நிழல், செடிக்கு இதம். ஆனால் மாசி, பங்குனியில் அது இலையுதிர்க்கும்போது அடியிலிருப்பவை வெயிலில் நிற்கும். இன்னொன்று: வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் நமக்குச் சற்று வடக்கே இருந்துதான் விழும்.

என்னைக் கேட்டால் முதல் இடம் சித்தரத்தைக்கு. கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் சில நாள் தண்ணீர் தப்பினாலும் தாங்கும், இடுப்பளவு வளரும், வெள்ளைப் பூவும் உண்டு, இருமலுக்கு வீட்டிலேயே மருந்து. முளையுள்ள கிழங்குத் துண்டை இரண்டு அங்குல ஆழத்தில், இரண்டடி இடைவெளியில் வையுங்கள். மாமரத்தடி போன்ற இருட்டுக்கு மருள் செடி (ஸ்னேக் பிளான்ட் இனம்). அது பட்டினி கிடந்தாலும் சாகாது, தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். கிணற்றடி ஈரத்தில் வல்லாரை தானாகவே படரும். மரத்தைச் சுற்றி ஏற ஒரு வெற்றிலைக்கொடி வைக்கலாம் என்று ஆசை வரும். தினமும் ஆளிருக்கும் வீட்டுக்குத்தான் அது. உங்களுக்கு வேண்டாம்.

பூ வேண்டுமென்றால் வேம்பின் ஓரத்தில், காலை வெயில் எட்டும் இடத்தில் கனகாம்பரம். டெல்லி கனகாம்பரம் என்ற ரகம் விதை பிடிக்காது, தண்டு வெட்டித்தான் நட வேண்டும். வேரைத் தாக்கும் நூற்புழு அதற்குப் பெரிய எதிரி. குழியில் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போட்டுவிடுங்கள். பின்னணிக்கு நந்தியாவட்டை, ஆடாதோடை. மஞ்சளும் வரும், ஆனால் தை, மாசியில் இலை காய்ந்து மண்ணுக்குள் போய்விடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாமலிருக்க ஆளுக்குச் சொல்லி வையுங்கள்.

நடுவதற்குப் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி. மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். மரத்தடியைக் கொத்திப் பாத்தி கட்ட வேண்டாம். கடப்பாரையால் குத்திப் பாருங்கள்; கட்டைவிரல் பருமனில் வேர் தட்டினால் ஓரடி தள்ளிக் குத்துங்கள். வேர்களுக்கு நடுவே கிடைக்கும் இடத்தில் சிறு குழி, பாதி மண், பாதி மட்கிய தொழுவுரம். செடியும் சின்னதாக இருக்கட்டும். பெரிய செடிக்குப் பெரிய குழி வேண்டும், பெரிய குழி மரத்தின் வேரைத் தின்னும். லாரி மண் கொட்டி மேடாக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடிமரம் மண்ணுக்குள் புதைந்தால் பட்டை அழுகும், வேருக்குக் காற்றும் போகாது.

முதல் கோடைதான் கண்டம். வாரம் இரண்டு முறை போதும், ஆனால் மண்ணுக்குள் முக்கால் அடி இறங்கும்படி நின்று விட வேண்டும். தினமும் இலையை நனைத்துவிட்டுப் போவதைவிட அது மேல். இரண்டாம் ஆண்டிலிருந்து சித்தரத்தையும் மருளும் வாரம் ஒருமுறைக்குப் பழகிவிடும்.

வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடிக்குள் செடியும் வேண்டாம், சருகும் வேண்டாம். சருகு கரையானை அழைத்து வரும். பழைய வீட்டின் பர்மா தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, ஆனால் பிற்காலத்தில் மாற்றிய மட்டமரச் சட்டங்களை விடாது. சுண்ணாம்புப் பூச்சுக்கும் ஈரம் ஆகாது. பாம்புப் பயமும் நியாயமானதுதான். சருகு மூன்று விரல் உயரத்தைத் தாண்டாமலும், உடைந்த ஓடு, கல் குவியல் பக்கத்தில் இல்லாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

நர்சரிக்குப் போகும் முன் அக்கம்பக்கத்து ஆச்சிகளிடம் கேளுங்கள். சித்தரத்தையும் மருளும் வேர் பிரித்தே கிடைக்கும். கனகாம்பரம் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.