பாட்டி குளிக்க மறுத்தால்? டிமென்ஷியா பராமரிப்புப் பயிற்சி: வாசகர் கேள்வி – பதில்

டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவர்களைத் தொழிலாகப் பார்த்துக்கொள்ளும் செவிலியர், உதவியாளர், சமூகப் பணியாளர் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பதில் எழுதுபவர்கள் இத்துறையில் பயிற்சி வகுப்பு நடத்தும் குழுவினர்.

எங்கள் இல்லத்தில் 30 பெரியவர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மறதி நோய். சென்ற ஆண்டு ஒரு மருத்துவரை அழைத்து அரை நாள் வகுப்பு வைத்தோம், எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தோம். ஒரே மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. எங்கே கோளாறு?
– முதியோர் இல்ல நிர்வாகி, திருச்சி

வகுப்பில் மூளையின் படம் காட்டியிருப்பார்கள். மறுநாள் காலை 6 மணிக்குத் தொடங்கி ஒன்பது பேரைக் குளிப்பாட்டி, 8 மணிக்குள் இட்லி கொடுத்தாக வேண்டிய ஆயாவுக்கு அந்தப் படம் எந்த உதவியும் செய்யாது. நோயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் போதும். ஆனால் அதில் ஒரு விஷயத்தை விடவே கூடாது: லூயி பாடி வகை டிமென்ஷியா. இல்லாத ஆட்களைப் பார்ப்பதாகச் சொல்வது, நடை விறைப்பது, ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் குழப்பமாகவும் இருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். இவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து கொடுத்தால் உடல் மரக்கட்டைபோல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த அடையாளங்களை முதலில் பார்ப்பது இரவு ஆயாதான். மருத்துவருக்கு அது தெரியவருவது அவர் சொன்னால்தான்.

மீதி நேரமெல்லாம் கையால் செய்யும் வேலைக்கு. டிமென்ஷியா பயிற்சிகளை அலசி இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பலன் தந்த பயிற்சிகளின் பொது இயல்புகளைச் சொல்கிறது. மொத்தம் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், ஒவ்வொரு அமர்வும் 90 நிமிடத்துக்குக் குறையாமல், நேருக்கு நேர், அவரவர் செய்யும் வேலையை ஒட்டி, அனுபவமுள்ளவர் நடத்த வேண்டும். துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதால் பயனில்லை. உங்கள் இல்லத்துக்கு 2 மணி நேர வகுப்பு ஐந்து, வாரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். ஒரு வகுப்பில் 12 பேருக்கு மேல் வேண்டாம். ஷிஃப்ட் இருப்பதால் ஒவ்வொரு வகுப்பையும் இருமுறை நடத்த வேண்டிவரும். இரவு வேலை முடித்து வருபவரை அப்படியே வகுப்பில் உட்கார வைத்தால் தூங்கத்தான் செய்வார். வேறு நேரத்தில் வரச்சொல்லி, அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். சமையல்காரரும் வாட்ச்மேனும் வரட்டும். "வீட்டுக்குப் போகணும், கேட்டைத் திற" என்று பெரியவர் போய் நிற்பது வாட்ச்மேனிடம்தானே?

பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கிட்வுட் 1997இல் எழுதிய நூலில் 17 நடத்தைகளைப் பட்டியலிட்டார். கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாமலே பராமரிப்பவர்கள் செய்பவை, ஆனால் நோயாளியின் 'நான்' என்ற உணர்வை அரித்துவிடுபவை. ஆளை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி அடுத்தவரிடம் பேசுவது, குழந்தைபோல் கொஞ்சுவது, அவரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் வேலையை முடிப்பது, மிரட்டுவது எல்லாம் அதில் வரும். இதைப் பாடமாகச் சொன்னால் "நாங்க அப்படியெல்லாம் செய்யறதில்லை சார்" என்பார்கள். செய்து காட்டினால்தான் உறைக்கும். ஒரு ஊழியரை உட்கார வைத்து, வாசலின் தடவிய கண்ணாடி போட்டுவிடுங்கள். இன்னொருவர் நின்றுகொண்டே, பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்க்கதை பேசியபடி, முழு ஸ்பூன் தயிர்சாதத்தை ஊட்டட்டும். இரண்டு நிமிடம் போதும். பிறகு அதே ஊழியர் எதிரில் உட்கார்ந்து, "தயிர்சாதம், நார்த்தங்காய் வெச்சிருக்கேன்" என்று சொல்லி, அரை ஸ்பூன் கொடுத்து, தொண்டை இறங்கி ஏறுவதைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுக்கட்டும். ஊட்டப்பட்டவரே வித்தியாசத்தைச் சொல்வார்.

உங்கள் இல்லத்தில் எங்கே சறுக்கியது என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. மேற்பார்வையாளர் வகுப்புக்கு வந்தாரா? ஆயா பொறுமையாக ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவர் எட்டிப் பார்த்து "இன்னும் முடியலையா?" என்று கேட்டாலே மொத்தப் பயிற்சியும் போச்சு. ஒன்பது பேரும் காலை 8 மணிக்குள் குளித்தாக வேண்டும் என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. நான்கு பேரைக் காலையிலும் மற்றவர்களை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாற்றுங்கள். டியூட்டி அட்டவணை உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆயாவால் அதை மாற்ற முடியாது.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு 82 வயது. குளியலறைக்குள் போனாலே கத்துகிறார், அடிக்கிறார், கிள்ளுகிறார். ஏஜென்சியில் கேட்டால் "ரெண்டு பேராப் பிடிச்சுக் குளிப்பாட்டுங்க" என்கிறார்கள். பயிற்சியில் இதற்கு என்ன சொல்லித்தருவார்கள்?
– வீட்டுப் பராமரிப்பு உதவியாளர், கோவை

இரண்டு பேராகப் பிடித்தால் இன்று குளியல் முடியும், நாளை கதவருகிலேயே சண்டை தொடங்கும். நடந்தது பாட்டிக்கு மறந்துபோகும், பயம் மறக்காது.

பாட்டியின் பக்கமிருந்து பாருங்கள். யாரென்று தெரியாத ஒருவர் தன் சேலையை அவிழ்க்கிறார், குளிர்கிறது, தலையில் திடீரென்று தண்ணீர் விழுகிறது. யாராக இருந்தாலும் கையை ஓங்கத்தான் செய்வார்கள். நம் ஊரில் அந்த வயதுப் பெண்கள் பலரும் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டே குளித்துப் பழகியவர்கள். முழுக்கத் துணியைக் களைவது அவர்களுக்கு அவமானம். பாவாடையைக் கட்டிவிட்டு, தோளில் ஒரு துண்டையும் போடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

சோப்பு, துண்டு, மாற்றுத்துணி, வாளியில் வெந்நீர் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஈரத்தில் அவரை உட்கார வைத்துவிட்டுத் துண்டு தேடப் போகக் கூடாது. ஃபேனை நிறுத்துங்கள். முதுகு சாயும் பிளாஸ்டிக் நாற்காலியும் வழுக்காத மிதியடியும் வேண்டும். மிதியடி கறுப்பு நிறத்தில் இருந்தால் சிலருக்கு அது பள்ளமாகத் தெரியும், கால் வைக்க மாட்டார்கள். தண்ணீரின் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் பாருங்கள். "குளிக்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "வெந்நீர் வெச்சிருக்கேன் பாட்டி, காலுக்கு ஊத்திக்கலாம் வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். சொம்பை அவர் கையில் கொடுங்கள். முதலில் பாதம், பிறகு முழங்கால், கை. முகமும் தலையும் கடைசியில். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தலைக்குக் குளிப்பதை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துப் பழகியவராக இருந்தால் அந்த நாட்களில் இணங்கிவர வாய்ப்பு அதிகம்.

முகம் இறுகினாலோ கையை உதறினாலோ நிறுத்திவிடுங்கள். 20 நிமிடம் கழித்து மறுபடி கேட்கலாம், அல்லது வேறொருவர் கேட்கலாம். அன்றைக்கு முடியவே இல்லையென்றால் படுக்கையிலேயே துண்டுக் குளியல். உடல் முழுவதையும் ஒரு பெரிய துண்டால் மூடிக்கொண்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சிறு துண்டால் ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து, உடனே ஈரம் ஒற்றி மறுபடி மூட வேண்டும். அக்குள், மார்பின் கீழ்ப்பகுதி, தொடை இடுக்கு, கால்விரல் இடைவெளி இவை தினமும் சுத்தமானால் போதும். முழுக்குளியல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இருந்தாலும் தோலுக்குக் கேடில்லை. அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வொன்றில், நபருக்கு ஏற்றபடி குளிப்பாட்டியபோது அடி, கடி போன்ற சம்பவங்கள் 53 விழுக்காடும், துண்டுக் குளியலில் 60 விழுக்காடும் குறைந்தன.

இன்னொன்று: கையைத் தூக்கும்போது மட்டும் கத்துகிறாரா? அப்படியானால் தோள்பட்டை வலியாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பயிற்சியில் சொன்னபடி ஒவ்வொருவருக்கும் நான்கு பக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதினேன். யாருமே படிப்பதில்லை.
– சமூகப் பணியாளர், மதுரை

நான்கு பக்கத்தை டியூட்டிக்கு ஓடிவரும் ஆயா எப்போது படிப்பார்? ஒரே பக்கம், பெரிய எழுத்து. பிறந்த ஊர், படிப்பு, பிள்ளைகள் எத்தனை பேர் என்று தொடங்காதீர்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்று தொடங்குங்கள். 'டீச்சர்' என்றால் நிமிர்பவர் 'பாட்டி' என்றால் நிமிராமல் போகலாம். எத்தனை மணிக்கு எழுந்து பழகியவர், காபியா டீயா, சர்க்கரை எவ்வளவு, சைவமா, எந்தக் காது கேட்கும், எதைக் கண்டால் பயம், அழும்போது எது தேற்றும், யார் பெயரை எடுக்கக் கூடாது. இவை போதும்.

குறிப்பு இருந்தால் நடத்தைக்குக் காரணம் பிடிபடும். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கதவைத் தட்டுகிறார் என்று வையுங்கள். விவரம் தெரியாதவர் 'அலைகிறார்' என்று எழுதி மாத்திரை கேட்பார். தெரிந்தவர் முதல் டிரிப்புக்குக் கிளம்புகிறார் என்று புரிந்துகொண்டு, விளக்கைப் போட்டு, டீ கொடுத்து, எண்ணுவதற்குப் பழைய டிக்கெட் கட்டையும் கொடுப்பார்.

தாளைச் சுவரில் ஒட்டாதீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்க வேண்டிய விஷயம் அல்ல. அலமாரிக் கதவின் உள்பக்கம் சரியான இடம். பெரியவரிடமும் குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்குங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

"எங்க அம்மா எங்கே?" என்று 79 வயதுப் பெரியவர் கேட்கிறார். பொய் சொல்லலாமா?
– செவிலியர் பயிற்சி மாணவி, நாகர்கோவில்

"அவங்க செத்து நாற்பது வருஷம் ஆச்சு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதுச் சாவு. "இதோ வந்துடுவாங்க" என்றால் வாசலிலேயே காத்திருப்பார். இரண்டும் வேண்டாம். "அம்மா ஞாபகம் வந்துடுச்சா தாத்தா? அவங்க என்ன குழம்பு வைப்பாங்க?" என்று அவர் மனநிலைக்குள் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் அவர் தேடுவது பாதுகாப்பை. பசியோ சிறுநீர் முட்டுவதோகூட இப்படி வெளிப்படும். கோயிலுக்குப் போகலாம் என்று ஏமாற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழக்கத்தை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். அடுத்த முறை அவர் கோயிலுக்கும் வர மாட்டார்.

மாலையானால் வார்டில் சில முதியவர்கள் கத்துகிறார்கள். உடனே தூக்க ஊசி எழுதப்படுகிறது. செவிலியராக நான் என்ன செய்யலாம்?
– அரசு மருத்துவமனை செவிலியர், சேலம்

முதலில், இது எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென வந்த குழப்பம் என்றால் டெலிரியம். தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புது மருந்து என்று காரணம் தேட வேண்டிய அவசர நிலை அது. அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், கடைசியாக எப்போது மலம் போனது என்று பதிவேட்டில் பாருங்கள். கண்ணாடியும் காதுக்கருவியும் வீட்டிலேயே கிடக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

அடுத்து வலி. சொல்லத் தெரியாதவருக்கு 'பெயினாட்' அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை, மொத்தம் 10 மதிப்பெண். படுத்திருக்கும்போது மட்டும் பார்க்காமல், புரட்டும்போதும் பாருங்கள்.

பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி: முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னால் நாம் என்ன செய்தோம். நேரத்தையும் சேர்த்து ஒரு வாரம் எழுதினாலே ஒழுங்கு புலப்படும். பார்வையாளர் நேரம் முடிந்ததும் கத்தல் தொடங்குகிறது, அல்லது விளக்கு மங்கும் 6 மணிக்கு. 'ஆக்ரோஷமாக இருந்தார்' என்று எழுதாதீர்கள். 'டயப்பர் மாற்றும்போது வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்' என்று எழுதுங்கள். மருத்துவரிடம் காட்டிப் பேச அந்தத் தாள் உதவும்.

மனநோய்க்கான மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களில் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலும் 2008இலும் எச்சரித்திருக்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தாங்க முடியாத வேதனை என்றால் மருந்து தேவைதான். குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு. 6 வாரத்துக்கு ஒருமுறையாவது தேவையா என்று மறுபடி பார்க்க வேண்டும் என்பது பிரிட்டன் வழிகாட்டி. டிஸ்சார்ஜ் சீட்டில் நிறுத்தும் தேதி இல்லாமல் போனால் அந்த மாத்திரை வருடக்கணக்கில் தொடரும். அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பயிற்சி பலித்ததா என்று எப்படி அளப்பது?
– தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர், தஞ்சாவூர்

வகுப்பு முடிவில் கொடுக்கும் கருத்துப் படிவத்தை நம்பாதீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் அதில் எல்லாமே 'மிக நன்று'தான்.

கிட்வுட்டின் குழு உருவாக்கிய 'டிமென்ஷியா கேர் மேப்பிங்' என்றொரு முறை உண்டு. பயிற்சி பெற்ற பார்வையாளர் பொது அறையில் உட்கார்ந்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்றும் மனநிலையை –5 முதல் +5 வரையும் குறிப்பார். இங்கிலாந்தில் 50 இல்லங்களில் இதைச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பெரும்பாலான இல்லங்கள் திட்டமிட்ட மேப்பிங் சுற்றுகளை முழுதாகச் செய்யவே இல்லை என்பது முக்கியமான செய்தி. ஊழியர்களுக்கு நேரம் ஒதுக்காத இடத்தில் எந்தக் கருவியும் வேலை செய்யாது.

சிறிய இடத்துக்கு எளிய வழி போதும். ஹாலில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு கோடு: பெரியவரிடம் யாராவது பேசினார்களா, அது வேலைக்காகவா, சும்மாவா? கூடவே குளியல் மறுப்பு எத்தனை, விழுந்தது எத்தனை, மாத எடை, அமைதிப்படுத்தும் மாத்திரை வாங்குபவர் எத்தனை பேர் என்றும் குறியுங்கள். பயிற்சிக்கு முன் ஒருமுறை, பின் முதல் மாதம், மூன்றாம் மாதம். பார்க்கப் போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வேவு பார்க்கிறீர்கள் என்றாகிவிடும். முதல் மாதம் எண்கள் நன்றாக வந்து மூன்றாம் மாதம் சரிந்திருந்தால், மறுபடி வகுப்பு வைப்பதற்கு முன் டியூட்டி அட்டவணையையும் புதிதாகச் சேர்ந்த ஆட்களின் பட்டியலையும் பாருங்கள்.