அன்லிமிடெட் பேக் வந்தபிறகும் பில்லிங் வேலையா?

அன்புள்ள அண்ணா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். இந்த வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை வந்திருக்கிறது. நண்பர்களோ, "எல்லாரும் அன்லிமிடெட் பேக் போட்டாச்சு, இனிமே கணக்குப் பாக்க என்ன இருக்கு? மிச்சத்தை ஏஐ பாத்துக்கும்" என்கிறார்கள். அப்பா, பாண்டிச்சேரியில் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படித்துவிட்டுப் போ என்கிறார். இந்தத் துறை எந்தப் பக்கம் போகிறது? சேரலாமா?

ர., கடலூர்

அன்புள்ள ர.,

சேருங்கள்.

நண்பர்கள் சொல்வது பாதி சரி. 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று இறங்கியதும் மற்ற நிறுவனங்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு அதே வழிக்கு வந்தன. அப்படி நொடிக்கும் நிமிடத்துக்கும் விலை போடும் வேலை இன்று பெருமளவு ஓய்ந்துவிட்டது. ஆனால் எண்ணுவது ஓயவில்லை. நாளைக்கு ஒன்றரை ஜிபி, நள்ளிரவில் மறுபடி நிரம்ப வேண்டும், தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்க வேண்டும், கூடுதல் டேட்டாவுக்கான பூஸ்டர் போட்டிருந்தால் இறங்கக்கூடாது. மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது வேண்டும் என்று 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உத்தரவிட்டது. ஜனவரி 31-இல் போட்டவருக்குப் பிப்ரவரியில் என்ன தேதி? மாதத்தின் கடைசி நாள். இதையும் யாராவது மென்பொருளில் எழுதித்தான் ஆகவேண்டும்.

நம் நாட்டில் பத்தில் ஒன்பது செல்போன் இணைப்புக்கு மேல் ப்ரீபெய்டு. அதனால் இது மாதக் கடைசியில் பில் அடிக்கும் வேலை இல்லை. நீங்கள் ஒரு வீடியோவைத் தட்டியதும் நெட்வொர்க், உங்கள் இருப்பைப் பார்த்து உடனுக்குடன் கழிக்கும் சார்ஜிங் சிஸ்டத்திடம் அனுமதி கேட்கிறது. அது கல்யாண வீட்டு உக்கிராணக்காரர் மாதிரி, மூட்டையைத் தூக்கிக் கொடுக்காமல் கொஞ்சம் அளந்து கொடுக்கும். தீர்ந்தால் மறுபடி வந்து கேட்க வேண்டும், மிஞ்சினால் திருப்பித் தர வேண்டும். சார்ஜிங் சிஸ்டமே பதில் சொல்லாமல் படுத்துவிட்டால் வாடிக்கையாளரைத் துண்டிப்பதா, வருமானம் போனாலும் பரவாயில்லை என்று ஓடவிடுவதா? அதற்கும் முன்கூட்டியே ஒரு விடை அமைத்து வைத்திருப்பார்கள். 5ஜி தரநிலையில் ப்ரீபெய்டு, போஸ்ட்பெய்டு இரண்டுக்கும் ஒரே சார்ஜிங் அமைப்பு. இதுவரை இரண்டையும் தனித்தனியாக ஓட்டியவர்கள் ஒன்றாக்கியாக வேண்டும். புது சிஸ்டம் வாங்குவது சுலபம். என்றோ விற்ற பழைய திட்டங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவர்களைக் கணக்குப் பிசகாமல் அதற்குள் கொண்டுவருவதில்தான் பிராணன் போகும்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பாருங்கள். கடலூரிலிருந்து முள்ளோடை தாண்டிப் பாண்டிச்சேரிக்குள் போனால் போனுக்கு ஒன்றும் தெரியாது, தொலைத்தொடர்புச் சேவைக்கு நாட்டைப் பிரித்திருக்கும் வட்டங்களில் இரண்டும் தமிழ்நாடு வட்டம்தான். வரிக்குத் தெரியும். 18 சதவீத ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு எந்த அரசுக்கு என்பதை போஸ்ட்பெய்டில் பில் முகவரி முடிவு செய்கிறது. ப்ரீபெய்டில் கடையில் ரீசார்ஜ் செய்தால் கடை எங்கே என்பது கணக்கு. ஆன்லைனில் செய்தால் பதிவில் உள்ள உங்கள் முகவரி. மாஹேயும் ஏனாமும் இதற்குத் தலைகீழ்: புதுச்சேரி அரசின் கீழ் இருந்துகொண்டே ஒன்று கேரள வட்டம், மற்றது ஆந்திர வட்டம். இந்தத் துறையில் பாதி இப்படிப்பட்ட விதிகள்தான். பார்க்கப் பகட்டாக இருக்காது.

ஏஐ விஷயம். நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்ளும் ஆபரேஷன்ஸ் பக்கம் அது நிஜமாகவே நுழைந்துவிட்டது. சாலை தோண்டுகையில் ஒரு ஃபைபர் அறுந்தால் அதை நம்பிய டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலாரம் அடிக்கும். அந்தக் குவியலில் மூலக் கோளாறு இதுதான் என்று பிரித்துச் சொல்ல இயந்திரம் நன்றாகவே உதவுகிறது. அலாரத்தைப் பார்த்து டிக்கெட் போடுவது, அதாவது கோளாறைப் பதிவு செய்வது மட்டுமே வேலை என்றால் அந்த வேலை குறையும். (2011 தானே புயலில் நம் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது எந்த மென்பொருளும் டவர் பேட்டரியை நிரப்பியிருக்காது, அது வேறு கதை.) பணம் பிடிக்கும் இடத்தில் முடிவை ஏஐ-யிடம் விட இப்போதைக்கு யாரும் துணியமாட்டார்கள் என்பது என் கணிப்பு. பில்லிங் துல்லியத்துக்கு ட்ராய் 2006-லேயே விதிமுறை போட்டது, 2023-இல் புதுப்பித்தது, தணிக்கையும் உண்டு. தப்பாகப் பிடித்த ஒரு ரூபாய்க்கு எந்த விதிப்படி பிடித்தீர்கள் என்று கேட்பார்கள். 'மாடல் சொன்னது' என்பது அங்கே செல்லாது.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மென்பொருள் வைத்திருக்கும். உங்கள் கம்பெனியில் இருப்பதை அவர்களே சொல்லித்தருவார்கள். அதுவரை எஸ்க்யூஎல்லும் லினக்ஸும் கைக்கு வரட்டும். டிஎம் ஃபோரம் என்ற தொலைத்தொடர்புத் துறை அமைப்பு வெளியிட்டிருக்கும் ஓப்பன் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை) ஆவணங்கள் இணையத்தில் இருக்கின்றன. ப்ராடக்ட் கேட்டலாக், அதாவது விற்கும் திட்டங்களின் பட்டியல் பற்றியதை மட்டும் முதலில் படியுங்கள், மற்றது பிறகு. உங்களை எந்த டீமில் போடுகிறார்கள், திட்டங்களை அமைக்கும் டீமா, டிக்கெட் மூடும் டீமா, மாதத்தில் எத்தனை நைட் ஷிஃப்ட் என்பதை ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.